அவுஃப்ஹேபன் என்னும் செருமன் வினை: பொருளும் ஆட்சியும்

ஒரு சொல்லுக்கு உரைகாரர் கொள்ளும் பொருள் ஒரு நூலின் போக்கையே மாற்றிவிடும் என்பதை உரை வேறுபாடுகளில் தோய்ந்தவர் நன்கறிவர். செருமன் மெய்ப்பொருள் நூல்களில் அத்தகைய நிலையில் நிற்பது 'அவுஃப்ஹேபன்' என்னும் வினைச்சொல். அறிவுக்கும் நம்பிக்கைக்கும் உரிய எல்லையைக் காண்ட் வகுத்த இடத்திலும், தம் தருக்க முறையின் உயிர்நிலை இன்னதென ஹெகல் காட்டிய இடத்திலும், மார்க்ஸும் எங்கெல்ஸும் தம் கொள்கை முழுவதையும் ஒரு தொடரிற் சுருக்கிய இடத்திலும் இவ்வினையோ இதன் வழிவந்த 'அவுஃப்ஹேபுங்' என்னும் பெயரோ ஆளப்பட்டுள்ளது. இந்நூற்கருத்துகள் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வாயிலாகவே வந்தன. அதனால் இருவகைக் குறை நேர்ந்தது. காண்டிலும் மார்க்ஸிலும் வந்தது ஒரே சொல் என்பதே தெரியாமற் போனது ஒன்று. ஹெகலின் பொருளைக் கேள்வியுற்றார் சிலர், அச்சொல் வரும் இடமெல்லாம் அப்பொருளே உளதென்று கொண்டது மற்றொன்று. முன்னதினும் பின்னதே பெருந்தீங்கு விளைப்பது என்பது என் கருத்து. ஆதலின் இச்சொல்லின் இலக்கண இயல்பையும் உலக வழக்கையும் முதற்கண் கண்டு, அதன்பின் சான்றோர் ஆட்சிக்குச் செல்லுதல் முறையாகும்.

செருமன் மொழியில் முன்னொட்டுப் பெற்ற வினைகள் இருவகைப்படும். ஒருவகை, முன்னொட்டு வினையோடு என்றும் பிரியாது நிற்பது. மற்றொருவகை, சிலவிடங்களிற் பிரிந்து நிற்பது. பின்னதைப் 'பிரிநிலை வினை' என மொழிபெயர்க்கத் தோன்றும்; ஆயின் தேற்றம், வினா முதலியவற்றோடு ஏகாரத்திற்கு உரைக்கப்படும் பிரிநிலைப் பொருளோடு அது மயங்கும். ஆகவே 'பிரியும் வினை' என்றே ஈண்டு வழங்குவேன்.

அவுஃப்ஹேபன் பிரியும் வினை. 'அவுஃப்' என்பது மேல், மேலே என்னும் பொருளது. 'ஹேபன்' என்பது உயர்த்தல், தூக்கல் என்னும் பொருளது. தலைமை வாக்கியத்தில் நிகழ்காலத்தும் இறந்தகாலத்தும் 'ஹேபன்' உரிய ஈறு பெற்று இரண்டாம் இடத்தில் நிற்க, 'அவுஃப்' வாக்கியத்தின் இறுதிக்குச் சென்றுவிடும். 'ஏர் ஹேப்ட் டேன் ஷ்டைன் அவுஃப்' என்பது 'அவன் கல்லை எடுக்கிறான்' என்பதாம். சார்பு வாக்கியத்தில் இரண்டும் கூடி 'அவுஃப்ஹேப்ட்' என ஒரு சொல்லாய் இறுதியில் நிற்கும். இறந்தகால எச்ச வடிவில் 'கெ' என்னும் உறுப்பு இரண்டிற்கும் இடையே புகுந்து 'அவுஃப்கெஹோபன்' என்றாகும். 'ட்சு' என்னும் இடைச்சொல்லும் அவ்வாறே நடுவிற் புகுந்து 'அவுஃப்ட்சுஹேபன்' எனத் தரும். எவ்வடிவிலும் அழுத்தம் முன்னொட்டின் மீதே விழும்.

வினையும் முன்னொட்டும் வாக்கியத்தின் இரு கரைகளாக, இடையே செயப்படுபொருளும் அடைகளும் சில வேளைகளில் ஒரு முழுத் துணைவாக்கியமும் வந்து தங்கும். அமெரிக்க எழுத்தாளர் மார்க் துவைன் 1880-இல் வெளியிட்ட செலவுநூலின் பின்னிணைப்பில் இவ்வமைப்பை நகையாடியது பலர் அறிந்ததே. நகை ஒருபுறமிருக்க, கேட்போன் இறுதிச்சொல் வரும்வரை வினையின் பொருளைத் துணியாது காத்திருத்தல் தமிழர்க்குப் புதிதன்று. நம் மொழியில் முற்று இறுதியில் வருவதே இயல்பு. வேறுபாடு, செருமனில் வினையின் பாதி முன்னரே தோன்றி நம்மை ஒரு பொருளுக்கு ஆயத்தம் செய்துவிடுதலேயாம். வடமொழி கற்றார்க்கு வேறொன்று நினைவுவரும். வேத மொழியில் உபசர்க்கங்கள் வினையினின்றும் பிரிந்து தனித்து நிற்றல் உண்டு. பிற்கால வடமொழியில் அவை வினையோடு ஒட்டிவிட்டன. செருமனின் பிரியும் வினையை இதனோடு ஒப்பிட்டு எண்ணுதல் தகும். எனினும் இரண்டன் வரலாறும் ஒன்றே எனல் ஆகாது.

பிரிதலும் பிரியாமையும் வெறும் வடிவ வேறுபாடு அல்ல என்பதற்கு 'யூபர்செட்சன்' என்னும் சொல் நல்ல சான்று. பிரியும் வினையாய் முன்னொட்டில் அழுத்தம் பெற்றால் அது ஆற்றின் அக்கரைக்குக் கடத்தலைக் குறிக்கும். பிரியா வினையாய்ப் பகுதியில் அழுத்தம் பெற்றால் மொழிபெயர்த்தலைக் குறிக்கும். யாக்கோப் கிரிம் 1847-இல் பெர்லின் கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவொன்றில் இவ்விரண்டையும் இணைத்து, மொழிபெயர்ப்பாளன் மரக்கலம் செலுத்தி அக்கரை சேர்ப்பவனே எனினும், அங்கே நிலமும் வேறு, காற்றும் வேறு என்ற கருத்தைப் புலப்படுத்தினார். அவுஃப்ஹேபனுக்கோ இத்தகைய பிரியா இரட்டை இல்லை. அதன் பொருள் வேறுபாட்டை அழுத்தமும் காட்டாது, வடிவமும் காட்டாது. இடர்ப்பாட்டின் தோற்றுவாய் இதுவே.

இனிப் பொருள். 'ஹேபன்' என்னும் பகுதி இலத்தீனத்தின் 'காப்பெரே' என்பதோடு வேர் உறவுடையது. அதன் பழம்பொருள் பற்றுதல், கைக்கொள்ளுதல். உயர்த்தல் என்பது அதினின்றும் கிளைத்தது. செருமன் நாட்டின் தென்மேற்குப் பகுதிப் பேச்சு வழக்கில் 'ஹேபன்' இன்றும் 'பிடித்துக்கொள்' என்னும் பொருளில் வழங்குகிறது. கையாற் பற்றி மேலெடுத்தல் என்னும் ஒரு செயலிலிருந்து இருவழிகள் பிரிகின்றன. கீழே கிடந்த பொருளை இழந்துவிடாதபடி எடுத்தல் ஒன்று. அது காத்தலில் முடியும். இருந்த இடத்தினின்றும் எடுத்தல் மற்றொன்று. அது நீக்கலில் முடியும். எடுத்த கை ஒன்றே; எடுத்ததை எங்கே வைத்தான் என்பதில்தான் பொருள் இரண்டாகிறது.

உலக வழக்கில் இவை எவ்வாறு பகுக்கப்படுகின்றன? பெரும்பாலும் செயப்படுபொருளே பொருளைத் துணிந்துவிடும். சட்டம், தீர்ப்பு, ஆணை, தடை, முற்றுகை என்பன செயப்படுபொருளாயின் நீக்கல் என்பதன்றி வேறு பொருளில்லை. கணக்கில் ஒன்றையொன்று ஈடுசெய்து இல்லையாக்கும் இரண்டு அளவுகளைப் பற்றியும் இவ்வினையே தற்சுட்டுப் பெயரோடு வரும். உணவு, கடிதம், பணம் முதலியவற்றோடு 'இன்னார்க்காக', 'பின்னைக்காக' என்னும் அடை சேரின் வைத்துக்காத்தல் பொருளாகும். 'நன்கு அவுஃப்கெஹோபன் ஆக இருக்கிறான்' என்று ஒருவனைப் பற்றிக் கூறின், அவன் தக்காரிடத்துப் பாதுகாப்பாக உள்ளான் என்பது கருத்து. 'ஒத்திவைத்தது ஒழித்ததாகாது' என்னும் கருத்துடைய பழமொழி ஒன்றும் உண்டு. 'அவுஃப்கெஷோபன்', 'அவுஃப்கெஹோபன்' என்னும் இரண்டு பிரியும் வினைகளின் எதுகையால் அது நாவில் நிலைத்தது.

'டீ டாஃபல் அவுஃப்ஹேபன்' என்னும் மரபுத்தொடர் தனித்துக் குறிக்கத்தக்கது. சொல்லளவில் 'உணவுப்பலகையைத் தூக்குதல்' என்பது. பொருளளவில் விருந்தை முடித்து எழுதல். பண்டு விருந்து முடிந்ததும் கால்களின்மேல் இட்ட பலகையையே தூக்கிச் சென்றுவிடும் வழக்கத்தினின்றும் இத்தொடர் தோன்றியது. தூக்கலும் முடித்தலும் ஒரு செயலின் இரு பெயர்களாய் இருந்த நிலையை இது காட்டுகிறது. 'மிக்க அவுஃப்ஹேபன்ஸ் செய்தல்' என்றால் ஒன்றுமில்லாததற்கு ஆரவாரம் செய்தல். வாட்போர் வீரர் போருக்கு முன் படைக்கலத்தை எடுக்கும்போது செய்த வீறாப்புச் சடங்கே இதன் பிறப்பிடம் என்பர்.

'ஏர் ஹேப்ட் டேன் பிரீஃப் அவுஃப்' என்னும் தொடர் மட்டும் தனித்து நின்றால் ஐயத்திற்கு இடமாகும். 'அவன் (தரையிற் கிடந்த) கடிதத்தை எடுக்கிறான்' எனவும், 'அவன் கடிதத்தைப் பேணி வைக்கிறான்' எனவும் கொள்ளலாம். ஆனால் 'கடிதத்தை ஒழிக்கிறான்' என்று எந்தச் செருமானியரும் கொள்ளார். அதாவது, காத்தலும் நீக்கலும் ஒரே தொடரில் ஒருங்கே தோன்றுதல் உலக வழக்கில் இல்லை. சொல்லில் இரு பொருளும் உள. தொடரில் ஒன்றே உளது. அகராதி காட்டுவது முன்னது. பேசுவோன் கொள்வது பின்னது. இவ்வேறுபாட்டை மறந்து, செருமானியர் தம் நாடோறும் பேச்சில் முரண்பாட்டையே உண்டு உறங்குகின்றனர் என்பதுபோல எழுதுவார் உளர்.

சான்றோர் ஆட்சிக்கு வருவோம். லூதரின் விவிலியத்தில் (1545-ஆம் ஆண்டுப் பதிப்பு) உரோமர்க்கு எழுதிய திருமுகம் மூன்றாம் அதிகாரத்தின் இறுதி அடி நோக்கத்தக்கது. நம்பிக்கையால் நாம் சட்டத்தை இல்லையாக்குகின்றோமா என வினவி, அன்று, அதனை நிலைநாட்டுகின்றோம் என விடை கூறும் இடம் அது. கிரேக்க மூலத்தில் தம்முள் வடிவத் தொடர்பற்ற இரண்டு வினைகள் நிற்க, லூதர் முன்னதற்கு 'அவுஃப்ஹேபன்' எனவும் பின்னதற்கு 'அவுஃப்ரிக்டன்' எனவும் பிரியும் வினைகளை ஆண்டார். இரண்டு வாக்கியத்திலும் ஒரே 'அவுஃப்' என்னும் அசை பிரிந்து நிற்கிறது. ஒன்று தூக்கி எறிதல், மற்றது தூக்கி நிறுத்தல். முன்னொட்டுக்குத் தனியே ஒரு பொருளைக் கட்டி அதனை எங்கும் ஏற்றிச் செல்வார்க்கு இவ்வொரு சான்றே மறுப்பாகும். தமிழ்க் கிறித்தவரிடை வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் அவமாக்குதல், நிலைநிறுத்துதல் என வருதல் பொருளளவில் செவ்விது. ஓசையால் வந்த முரணழகு மட்டும் அங்கில்லை. லூதரின் அவுஃப்ஹேபனில் காத்தற் பொருள் அணுவளவும் இல்லை என்பதை மனத்திற் கொள்க.

காண்டின் 'தூய அறிவின் திறனாய்வு' இரண்டாம் பதிப்பு 1787-இல் வெளிவந்தது. அதன் முன்னுரையில், நம்பிக்கைக்கு இடம் பெறும்பொருட்டுத் தாம் அறிவை 'அவுஃப்ஹேபன்' செய்யவேண்டியிருந்தது என்கிறார். ஆங்கிலத்தில் மெய்க்கிள்ஜான் (1855) இதனை ஒழித்தல் என்றும், மாக்ஸ் முல்லர் (1881) அகற்றல் என்றும், கெம்ப் சிமித் (1929) மறுத்தல் என்றும் பெயர்த்தனர். மூன்றும் ஒரு பொருளன அல்ல. ஒழித்தது இனி இல்லை. அகற்றியது வேறோரிடத்தில் உண்டு. மறுத்தது உண்டோ இல்லையோ, உண்டு என்னும் கூற்று ஏற்கப்படவில்லை. 'இடம் பெறும்பொருட்டு' என்னும் அடுத்த தொடரை நோக்க, மாக்ஸ் முல்லரின் சொல்லே இவ்விடத்திற்கு அணியது எனத் தோன்றுகிறது. ஓரிடத்தில் அமர்ந்திருந்த ஒன்றைத் தூக்கி அகற்றினாலன்றி மற்றொன்றிற்கு அங்கே இடமில்லை. அறிவு தனக்குரிய புலனுலகில் ஆட்சி செய்தலைக் காண்ட் தடுக்கவில்லை. கடவுள், உயிர், விடுதலை என்னும் புலன்கடந்த களத்தில் அது கொண்டாடிய உரிமையையே எடுத்தார். சிலர் ஈண்டும் ஹெகலின் இருபொருளைக் காண முயல்வர். ஹெகல் அக்குறிப்பினை எழுதுமுன் காண்ட் மறைந்துவிட்டார். பின்னோரின் கலைச்சொல்லை முன்னோரின் வாயிற் புகுத்துதல் உரைநெறி ஆகாது.

ஹெகலிடத்துத்தான் இச்சொல் பிறிதோர் உயிர் பெறுகிறது. 1807-இல் வெளிவந்த 'ஆவியின் தோற்றவியல்' நூலில் புலனுணர்வு பற்றிய பகுதியிலேயே, இச்சொல் மறுத்தலும் பேணுதலும் ஒருங்கே ஆவது என்னும் கருத்து வந்துவிடுகிறது. விரிவான விளக்கம், அவர் 1831 நவம்பரில் மறைந்தபின் 1832-இல் வெளிவந்த 'தருக்கவியல்' முதற்பகுதியின் திருந்திய பதிப்பிற் காணப்படும் ஒரு குறிப்பில் உளது. உள்ளதும் இல்லதும் ஆதலில் ஒன்றுகின்றன என்று நிறுவிய உடனே அவர் நின்று, ஒரு சொல்லைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். தருக்கம் கூறுவார் இலக்கணம் கூறப் புகுவது அரிது. அதனாலேயே அவ்விடம் சுவைமிக்கது.

அவர் கூறுவதன் சாரம் இது. இச்சொல் காத்தலையும் குறிக்கும், முடிவுறச் செய்தலையும் குறிக்கும். இவை அகராதியில் இருபொருளாகக் காட்டப்படினும், காத்தலிலேயே ஒரு மறுத்தல் அடங்கியுள்ளது; ஏனெனில் ஒன்றைக் காக்க வேண்டின், அது கிடந்த நேர்நிலையினின்றும், புறத்தாக்குதல்களுக்கு ஆளாகும் நிலையினின்றும் அதனை எடுக்க வேண்டும். நம் உழவர் விதைநெல்லை எடுத்துவைத்தலை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கோட்டையில் இட்டுக் கட்டிய விதைநெல் நெல்லாகவே இருப்பினும், இனி அஃது உணவன்று. உணவாதலை மறுத்ததனாலேயே அது விதையாகக் காக்கப்பட்டது. அவ்வாறு எடுத்துவைக்கப்பட்டது முற்றும் இல்லையாகாது, தன் தனிநிலை இழந்து ஒரு முழுமையின் கூறாக நிற்கும் என்பது ஹெகலின் கருத்து. நெம்புகோலில் எடையும் தொலைவும் தம்முள் வேறாயினும் ஒரே விளைவின் இரு கூறுகளாய் நிற்றலை அவர் உவமை காட்டுகிறார்.

இங்கே ஒன்றை வலியுறுத்த வேண்டும். அவுஃப்ஹேபனுக்கு ஹெகல் மூன்று பொருள் கூறினார், நீக்கல், காத்தல், உயர்த்தல் என்று அறிமுக நூல்கள் பலவும் எழுதிவருகின்றன. மேலே குறித்த இடங்களில் அவர் எண்ணிக் கூறியன இரண்டே. உயர்த்தல் என்னும் மூன்றாவதை அவர் அச்சொல்லின் பொருளாக அங்கு ஓதவில்லை. அதற்கு மாறாக, இலத்தீன் வினையாகிய 'தொல்லெரே' தம் நோக்கத்திற்குப் போதாது என்பதற்கு, அதன் உடன்பாட்டுப் பொருள் உயர்த்துதல் அளவிலேயே நின்றுவிடுகிறது என்பதைத்தான் காரணமாகக் காட்டுகிறார். உயர்த்தலையே முதற்பொருளாகக் கொண்டிருந்தால் இவ்வாறு குறை கூறியிரார். அவருடைய முறையில் பின்னிலை முன்னிலையினும் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. அக்கருத்தை அவர் வேறு சொற்களாலும் கூறுகிறார். நூலில் உள்ள கருத்தெல்லாம் ஒரு சொல்லில் உளதாகக் கொள்ளுதல் சொல்லாராய்ச்சி அன்று.

தொல்லெரே பற்றிய குறிப்பு நமக்கு ஒரு வியப்பைத் தருகிறது. ஆக்டேவியன் என்னும் இளைஞனைப் புகழவேண்டும், சிறப்புச் செய்யவேண்டும், 'தொல்லெரே' செய்யவேண்டும் என்று சிசரோ கூறியதாக ஒரு பேச்சு உலவியதை, கி.மு. 43-இல் தெசிமுஸ் புரூட்டுஸ் அவருக்கு எழுதிய மடல் தெரிவிக்கிறது. அச்சொல் உயர்த்தல் எனவும், ஒழித்துக்கட்டல் எனவும் பொருள்படும். பின்னாளில் பேரரசனாகிய அவ்விளைஞன் அச்சிலேடையை உணர்ந்தே இருந்தான் என்பதும் அம்மடலால் விளங்கும். இதனைத் தமிழாக்குவோன் அலமர வேண்டியதில்லை. 'அவனைத் தூக்கிவிட வேண்டும்' என்றால் போதும். ஒருவனைக் கைகொடுத்து உயர்த்துதலையும் பதவியினின்றும் அகற்றுதலையும் நம் பேச்சு வழக்கு அவ்வொரு சொல்லாலேயே குறிக்கிறது. செருமன் மொழியில்தான் இத்தகைய சொற்கள் மிகுதி என்று ஹெகல் கொண்ட பெருமிதம் சற்று அளவு கடந்தது என்றே கூறவேண்டும். இதற்கு மறுதலையாக, தொன்மொழிச் சொற்களெல்லாம் முரண்பொருள் உடையனவே என்று கார்ல் ஆபெல் 1884-இல் எழுத, ஃபிராய்ட் 1910-இல் அதனைத் தம் கனவாராய்ச்சிக்குத் துணைக்கொண்டார். பான்வெனிஸ்ட் 1956-இல் ஆபெலின் சான்றுகள் பிழைபட்டன என்று காட்டிவிட்டார். ஆகவே அவ்வழிச் செல்லுதலும் நமக்கு ஏமம் ஆகாது.

மார்க்ஸிடத்து இச்சொல் இருநிலையில் வழங்குகிறது. 1844-இல் எழுதப்பட்டு 1932-இல் அச்சான கையெழுத்துப்படிகளில், மறுத்தலையும் காத்தலையும் பிணைக்கும் ஹெகலின் அவுஃப்ஹேபனை அவர் நேர்முகமாகவே ஆராய்கிறார். தனியுரிமைச் சட்டம் அறவுணர்விலும், அது குடும்பத்திலும், அது குடிமைச் சமுதாயத்திலும், அஃது அரசிலும் அவ்வாறு அடங்கிச் செல்வதாக ஹெகல் கூறுவது எண்ணத்தளவிலேயே நிகழ்கிறது. உலகில் அவை அனைத்தும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன என்பது அவர் தடை. கூரிய தடை இது. 'காத்தல்' என்னும் பொருள் மெய்ப்பொருளாளனுக்கு இனிக்கலாம். துன்புறுவோனுக்கு அவன் துன்பமும் அவ்வாறே காக்கப்படுகிறதன்றோ?

1848-ஆம் ஆண்டின் பொதுவுடைமை அறிக்கையில் நிலை வேறு. அதன் இரண்டாம் பகுதியில் உடைமை பற்றிய பத்திகளில் 'அப்ஷாஃபன்' என்னும் மற்றொரு பிரியும் வினையும் அதன் பெயரும் அடுத்தடுத்து வருகின்றன. அஃது ஐயமின்றி ஒழித்தலைக் குறிப்பது. காத்தற் பொருள் அதற்கு எவ்வழக்கிலும் இல்லை. பிரெஞ்சுப் புரட்சி நிலமானிய உடைமையை ஒழித்தது என்னும் இடத்திலும் அதுவே. பொதுவாக உடைமையை அன்று, முதலாளிய உடைமையை ஒழித்தலே தம் கொள்கையின் சிறப்பியல்பு என்னும் இடத்திலும் அதுவே. இவற்றை அடுத்து, 'இப்பொருளில்' என்று தொடங்கித் தம் கொள்கையை ஒரு தொடராற் சுருக்கும்போது மட்டும் 'தனியுடைமையின் அவுஃப்ஹேபுங்' என வருகிறது. 1888-இல் சாமுவேல் மூர் செய்து எங்கெல்ஸ் பார்வையிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டிற்கும் ஒரே சொல்லே உளது. அவ்வழியே தமிழிலும் 'தனியுடைமை ஒழிப்பு' நிலைபெற்றது.

இங்கே ஆங்கிலம் மூலத்தைச் சிதைத்துவிட்டது என்றும், மார்க்ஸ் கருதியது ஹெகலின் காத்துக் கடத்தலே என்றும் வாதிடுவோர் உளர். சொல்மாற்றம் கருதத்தக்கதே, ஆயினும் 'இப்பொருளில்' என்னும் சுட்டு முன்வாக்கியத்து அப்ஷாஃபனையே சுட்டி நிற்றலின், பின்வந்த சொல்லை அதற்கு மாறாகக் கொள்ளுதல் இயையாது. சட்டத்தையும் தடையையும் பற்றி உலகோர் வழங்கும் அவுஃப்ஹேபனே ஈண்டு வந்தது எனின் இழுக்கில்லை. எங்கெல்ஸ் தாமே பார்வையிட்ட மொழிபெயர்ப்பு என்பதும் இதற்கு அரண். வேறுபாடு வேண்டிய இடத்தில் இவ்வாசிரியர்கள் வேறு சொல்லையே தேர்ந்தனர் என்பதற்கு 1878-ஆம் ஆண்டின் டூரிங் மறுப்பு நூல் சான்று. அரசு என்பது 'அப்ஷாஃபன்' செய்யப்படுவதன்று. 'அப்ஷ்டெர்பன்' ஆவது என்கிறார் எங்கெல்ஸ். முன்னது பிறர் கையால் ஒழிக்கப்படுதல். பின்னது இலை உலர்ந்து உதிர்வதுபோல் தானே மாய்தல். இரண்டிலும் 'அப்' என்னும் அதே முன்னொட்டே உள்ளது.

பிறமொழியார் செய்தது சிறிது காண்போம். ஆங்கிலத்தில் ஸ்டெர்லிங் என்பார் 1865-ஆம் ஆண்டு நூலுக்குப்பின் இலத்தீன் வேரினின்றும் 'சப்ளேட்' என்னும் கலைச்சொல் ஹெகல் நூல்களுக்கென வழக்கில் வந்தது. அது போதாது என்று ஹெகலே குறை கூறிய தொல்லெரேயின் எச்சத்தினின்றும் பிறந்தது என்பது நகைக்கத்தக்கது. பிரெஞ்சில் டெரிடா 'ரெலேவ்' என்றார். அது தூக்குதலையும், காவலாளியை விடுவித்து மற்றொருவன் அவ்விடம் ஏற்றலையும் குறிப்பது. சீனத்தார் 'உயர்த்து', 'எறி' என்னும் இரண்டு எழுத்துகளை இணைத்து ஒரு சொல் கொண்டனர். சப்பானியர் அதனையும், 'நிறுத்து', 'உயர்த்து' என்பவற்றின் இணைப்பையும் வழங்குகின்றனர். கீழைநாட்டார் இருவரும், ஹெகல் ஓதாத உயர்த்தலை எழுத்திற் பொறித்து, ஓதிய காத்தலை விட்டனர்.

தமிழில் யாது செய்வது? 'கடத்தல்' என்பது இக்காலத்துச் சிலரால் ஆளப்படுகிறது. கடந்தவன் பின்னே விட்டுச்செல்கிறான், எடுத்துச் செல்வதில்லை. ஆகவே காத்தல் அங்கில்லை. 'எடு' என்னும் நம் வினை செருமன் வினைக்கு மிக நெருங்கியது. ஆனால் நம் மொழி துணைவினையால் இருபொருளையும் பிரித்துவிடுகிறது: எடுத்துவிட்டான் எனின் நீக்கினான், எடுத்துவைத்தான் எனின் காத்தான். செருமனில் மயக்கம் தருவது முன்னொட்டு; தமிழில் மயக்கம் தீர்ப்பது துணைவினை. உலக வழக்கிற்கு இது பெருநன்மை. ஹெகலுக்கோ அம்மயக்கமே வேண்டும்.

'ஒழி' என்னும் சொல்லையும் எளிதில் தள்ளிவிடலாகாது. இன்று அதற்கு அழிதற் பொருளே மேலோங்கினும், உரையாசிரியர்கள் 'ஒழிந்தன' என்னுமிடத்து எஞ்சியவற்றையே கருதுவர். யாப்பருங்கலக்காரிகையின் இறுதி உறுப்பு ஒழிபியல் எனப் பெயர் பெற்றது எஞ்சியன கூறுதலால். இல்லாமற் போதலும் எஞ்சி நிற்றலும் இவ்வொரு வேரில் உள. எனினும் அவ்விருமை தன்வினையில் நின்றதேயன்றி, 'ஒழித்தல்' என்னும் பிறவினைக்கு ஏறவில்லை. அவுஃப்ஹேபனோ செயப்படுபொருள் குன்றா வினை.

என் கருத்தில் ஹெகலின் கலைச்சொல்லுக்குத் தமிழில் மிக இயைந்தது 'அடக்கல்'. கிளர்ச்சியை அடக்குதல் அதனை முடிவுறச் செய்தல். ஒன்றைத் தன்னுள் அடக்குதல் அதனை உள்வைத்துக் காத்தல். 'அடக்கம்' என்னும் பெயரோ இறந்தாரைப் புதைத்தலையும், ஒன்றினுள் ஒன்று உளதாதலையும், புலன்கள் அழியாது ஆட்சிக்கு உட்பட்டு நிற்றலையும் ஒருங்கு குறிக்கும். அடங்கியது தன் தனிநிலை இழந்து முழுமையின் கூறாகிறது என்னும் அவர் கருத்து இதனால் வலிந்து பொருள் கொள்ளாமலே பெறப்படும். உயர்த்தற் பொருள் இதில் இல்லையே எனின், அவர் அதனைச் சொல்லின் பொருளாக ஓதவில்லை என்பது மேலே காட்டப்பட்டது. உள்ளது ஆதலில் அடங்கிற்று, இல்லதும் ஆதலில் அடங்கிற்று என்று எழுதின், தமிழ் மாணவன் அடிக்குறிப்பை நாடாமலே ஒருவாறு உணர்வான்.

இச்சொல்லை ஹெகலுக்கு வெளியே கொண்டுசெல்லுதல் கூடாது. லூதரில் 'சட்டத்தை அடக்குகின்றோமா' என்றால் பொருள் கெடும். காண்டில் 'அறிவை அடக்கி' என்பது, அறிவுக்கு எல்லை வகுக்கும் அந்நூலின் முழுக்கருத்தோடு இயைந்து கவர்ச்சியாகவே தோன்றும்; ஆனால் அது நூலின் கருத்து, அவ்விடத்துச் சொல்லின் பொருளன்று; 'அகற்றி' என்பதே அமையும். அறிக்கையில் ஒழிப்பே நிற்க. 1844-ஆம் ஆண்டுப் படிகளில் ஹெகலை மார்க்ஸ் எடுத்து மறுக்கும் இடங்களுக்கு அடக்கலும், தம் கூற்றாக அவர் வழங்கும் இடங்களுக்கு இடத்திற்கேற்ப நீக்கலும் ஒழித்தலும் கொள்ள வேண்டும். அவ்விடங்களில் மொழிபெயர்ப்பாளன் செருமன் சொல்லையும் தமிழெழுத்தில் அருகே தருவானாயின், இவ்வெல்லையை அவன் கோடியது சரியோ என்று கற்பார் தாமே ஆராய இயலும்.